சேவையும் வேடிக்கையும்

தை மூன்றாம் நாள் அலங்காநல்லூர் வாடிவாசலிலிருந்து முதலில் வெளியே வருவது கோயில் காளை. அதை யாரும் பிடிப்பதில்லை. திமிலில் கை வைக்கக் காத்திருக்கும் வீரர்கள் அந்த ஒரு மாட்டுக்கு மட்டும் வழிவிட்டு நிற்பார்கள். அது களத்தைக் கடந்து போன பிறகே மற்ற மாடுகளின் முறை. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் உட்கார்ந்து பார்ப்பதற்கென்று அங்கே தனி மேடை அமைக்கப்படுவது வழக்கம். கழுத்தில் கேமரா தொங்க அந்த மேடையில் இருப்பவர் கண்ணுக்கும் அதே காளைதான் தெரிகிறது. ஆனால் அவருக்கு அது பிடிபடாமல் ஓடிப்போன ஒரு மாடு. எதிர்வீட்டு மாடியில் கைகூப்பி நிற்கும் மூதாட்டிக்கு அது முனியாண்டி சாமியின் மாடு.

இருவரும் பார்த்தார்கள். இருவரும் ஒன்றையே பார்த்தார்களா?

உலகெங்கும் கால்பந்து மைதானங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. அவர்களில் பலர் ஆட்டத்துக்காகப் போவதைவிட ஆட்களுக்காகப் போகிறார்கள். அந்த ஊர் ரசிகர்கள் எந்தப் பக்கத்துப் படிகளில் நிற்கிறார்கள், எப்போது பாடத் தொடங்குகிறார்கள், ஆட்டத்துக்கு முன் எந்தக் கடையில் கூடுகிறார்கள், தோற்ற பிறகு எப்படி வீடு திரும்புகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு முக்கியம். இங்கிலாந்தில் மேல்மட்ட நான்கு பிரிவுகளில் ஆடும் 92 அணிகளின் மைதானங்களையும் பார்த்து முடித்தவர்களுக்கென்றே 1978 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. தொண்ணூற்றிரண்டு என்றதும் மதுரைக்காரருக்கு நூற்றெட்டு நினைவுக்கு வராமல் இருக்காது. திருமாலிருஞ்சோலை, திருமோகூர், கூடலழகர் என்று நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் மூன்று இந்த ஊரைச் சுற்றியே இருக்கின்றன. அந்தப் பட்டியலில் திருப்பாற்கடலும் பரமபதமும் மண்ணில் இல்லாதவை. ஆகவே எத்தனை கால் தேய நடந்தாலும் உயிரோடு சேவிக்கக் கூடியவை 106 மட்டுமே. தொண்ணூற்றிரண்டும் முடிவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் சில அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறங்க, வேறு சில மேலேறி வருகின்றன. முடித்துவிட்டோம் என்று நினைத்தவருக்கு அடுத்த ஆகஸ்டில் மறுபடியும் பாக்கி விழுகிறது.

தனக்குச் சொந்தமில்லாத ஒரு பக்தியை ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது யாத்திரையாகுமா, வெறும் வேடிக்கைதானா? இதற்கு மதுரையிலேயே விடை தேடலாம். தேட வேண்டிய முதல் இடம் இந்த ஊரின் பேச்சு.

தமிழில் கடவுளுக்கும் ஆட்டத்துக்கும் வினைச்சொல் ஒன்றுதான். 'சாமி பார்க்கப் போறோம்', 'மேட்ச் பார்க்கப் போறோம்'. பிணங்கிய உறவைச் சரிசெய்யப் போகும்போதும் 'அவங்களைப் பார்த்துட்டு வந்துடலாம்' என்கிறார்கள். அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நடக்கும் நாளுக்கே காணும் பொங்கல் என்று பெயர். மனிதர் மனிதரைக் காணப் போகும் நாள். வைணவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய்ப் பார்த்தலையே பணிவிடை ஆக்கிவிட்டார்கள். கோயிலுக்குப் போய் வந்தவர் பெருமாளைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டார்; சேவித்தேன் என்பார். கண்ணால் செய்வது கையால் செய்யும் தொண்டுக்குச் சமம் என்ற ஒரு முழுச் சித்தாந்தம் அந்த ஒற்றைச் சொல்லில் அடங்கியிருக்கிறது. அதன் மறுமுனையில் இருக்கிறது வேடிக்கை. வேடிக்கை பார்ப்பவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். தன்னிடமிருந்து எதையும் கொடுக்க மாட்டார்.

சித்திரை பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இந்த இரண்டு சொற்களும் மதுரைத் தெருக்களில் தோளோடு தோள் உரசுகின்றன. அழகர்கோயிலிலிருந்து புறப்படும் கள்ளழகரை மூன்றுமாவடியில் எதிர்கொண்டு அழைப்பதற்கு எதிர்சேவை என்று பெயர். சாமி கோயிலில் இருக்க மனிதர் தேடிப் போவதுதான் வழக்கம். இங்கே சாமி புறப்பட்டு வருகிறார், மனிதரும் புறப்பட்டுப் போகிறார், இருவரும் நடுவழியில் சந்திக்கிறார்கள். தல்லாகுளத்தில் அழகர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் மாலையைச் சூடி, தங்கக் குதிரையில் ஏறி, விடியற்காலை வைகையில் இறங்குகிறார். இந்த ஆண்டு என்ன நிறப் பட்டு என்று ஆற்று மணலில் இரவெல்லாம் காத்துக்கிடந்தவர்கள் எக்கிப் பார்க்கிறார்கள். பச்சை என்றால் நாடு செழிக்கும் என்பது நம்பிக்கை. தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிறவர்கள், சர்க்கரை நிறைத்த செம்பில் தீபம் ஏற்றி நிற்பவர்கள், தலைமுறையாக அழகர் வர்ணிப்புப் பாடுகிறவர்கள் என்று ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. இந்தத் திருவிழாவில் எந்தெந்தச் சாதியார் எப்படியெப்படிப் பங்கெடுக்கிறார்கள் என்பதைக் களத்தில் நின்று ஆராய்ந்த தொ. பரமசிவன், 1989-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'அழகர் கோயில்' நூலில் அதைத் தமிழுக்குக் காட்டினார். சமயத்தைச் சூத்திரங்களில் தேடாமல் ஆற்று மணலில் தேடிய நூல் அது.

அதற்கு வெகு முன்னால், 1912-இல், பிரெஞ்சு அறிஞர் எமில் துர்கைம் சமயத்தின் ஊற்று எதுவென்று விளக்க முயன்றார். மனிதர்கள் ஒன்றுகூடி நிற்கும்போது தனித்தனியாக இருந்தபோது இல்லாத ஒரு பொங்குதல் பிறக்கிறது. அதைத் தங்களுக்கு வெளியே உள்ள ஒரு பேராற்றல் என்று உணர்ந்து அதற்குத் தெய்வம் என்று பெயர் வைக்கிறார்கள் என்றார். இன்று கால்பந்து ரசிகர்களைப் பற்றி எழுதும் சமூகவியலாளர் பலரும் அவரைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் சடங்குகளை வைத்தே துர்கைம் இந்த வாதத்தைக் கட்டினார். ஆனால் அவர் ஆஸ்திரேலியா போனதே இல்லை. மற்றவர்கள் கண்டு எழுதிய குறிப்புகளைப் பாரிஸில் இருந்தபடி படித்தார். கூட்டத்தின் பொங்குதலைப் பற்றிய மிகப் பெரிய கோட்பாட்டை அந்தக் கூட்டத்தில் ஒரு முறையும் நிற்காத ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கண்டறிந்தது பொய்யில்லை. ஆனால் ஆற்றில் விடிய விடிய நின்றவரிடம் கேட்டால், தன்னைச் சுற்றியிருந்த கூட்டத்தைக் கும்பிட்டதாக அவர் ஒருபோதும் சொல்ல மாட்டார். அழகரைக் கும்பிட்டதாகத்தான் சொல்வார். அந்தச் சொல்லைப் புறந்தள்ளிவிட்டு அவரை விளக்க முற்படுவது நியாயமாகப் படவில்லை.

வேடிக்கை என்பதை இழிவாகப் பேசுவதற்கும் இந்த ஊரில் ஒரு தடை இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைய 1939 ஜூலை 8 வரை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அனுமதியில்லை. அன்று காலை வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்கு முன்பு எத்தனையோ தலைமுறைக்குத் தூரத்தில் நின்று கோபுரத்தைப் பார்ப்பதும், சாமி வீதிக்கு வரும் நாளில் கூட்டத்தின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதுமே கிடைத்த வழிபாடு. மூலவர் அசைவதில்லை, உற்சவர் வெளியே வருகிறார். வர முடியாதவர்களுக்காக, வர விடப்படாதவர்களுக்காகவும் வருகிறார் என்று கொண்டால், எட்ட நின்ற அந்தப் பார்வையை வேடிக்கை என்று யார் சொல்ல முடியும்?

பார்ப்பதற்கே போராட வேண்டியிருப்பது கோயிலோடு நிற்கவில்லை. ஈரானில் ஆண்கள் ஆடும் கால்பந்தை மைதானத்தில் பார்க்கப் பெண்களுக்கு நாற்பது ஆண்டுகள் வழியில்லாமல் இருந்தது. சஹர் கொதயாரி என்ற இளம்பெண் 2019-இல் ஆண் வேடமிட்டுத் தன் அணியான எஸ்தெக்லாலின் ஆட்டத்தைப் பார்க்கப் போய்ப் பிடிபட்டார். சிறைத்தண்டனை கிடைக்கலாம் என்று அறிந்து நீதிமன்றத்துக்கு வெளியே தீக்குளித்து, அந்த செப்டம்பரில் இறந்தார். அணியின் நிறத்தை வைத்து உலகம் அவரை நீலப் பெண் என்று அழைத்தது. ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 10-ஆம் தேதி, தெஹ்ரானின் ஆசாதி மைதானத்தில் கம்போடியாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் டிக்கெட் வாங்கி உள்ளே வந்தார்கள். ஈரான் 14 கோல் அடித்தது. அன்று அழுதபடி மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்குக் கோல் கணக்கு பெரிய செய்தியாக இருந்திருக்காது.

இந்தியாவில் இந்தப் பக்தியின் பழைய பதி கொல்கத்தா. 1911 ஜூலை 29-ஆம் தேதி மோகன் பகான் அணி, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய பதினோரு பேரைக் கொண்டு, ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. களத்தை நெருங்க முடியாமல் தொலைவில் நின்ற கூட்டத்துக்குக் கோல் கணக்கைத் தெரிவிக்கப் பட்டம் விட்டார்கள் என்பது அந்த நாளின் வரலாற்றில் தவறாமல் இடம்பெறும் செய்தி. ஆட்டம் எங்கோ நடக்க, ஆயிரக்கணக்கானவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருக்கிறார்கள். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி உடனே பிடிபடும். 1920-இல் ஈஸ்ட் பெங்கால் அணி பிறந்தது. கிழக்கு வங்கத்து வேரோடு வந்தவர்களும், பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களும் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒரு வீடாயிற்று. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இலிஷ் மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்று சமையலறை வரைக்கும் நீண்டது பகை. 1997 ஜூலை 13-இல் சால்ட் லேக் மைதானத்தில் இவ்விரு அணிகளும் மோதிய கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதியைப் பார்க்க ஒன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார்.

அதே கொல்கத்தாவில் 1980 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஈடன் கார்டனில் இவ்விரு அணிகளின் ஆட்டத்தின்போது படிகளில் மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே ரத்ததானம் செய்கிறார்கள்.

பக்தியையும் ரசிகத்தன்மையையும் ஒன்றென்று சொல்லத் தயங்க வேண்டிய இடம் இதுதான். மைதானத்தின் பக்திக்கு எதிரணி வேண்டும். எதிரே நிற்பவர் தோற்க வேண்டும் என்ற வேண்டுதல் அதற்குள் எப்போதும் இருக்கிறது. கோயிலில் அப்படியில்லை என்று சொல்லிவிட ஆசையாக இருக்கலாம். வரலாறு அதற்கு இடம் தராது. சைவமும் வைணவமும் முட்டிக்கொண்ட நாடு இது. முதல் மரியாதை யாருக்கு என்பதில் ஊர்கள் உடைந்திருக்கின்றன, தேர்கள் ஆண்டுக்கணக்கில் நிலையிலேயே நின்றிருக்கின்றன. ஆனால் அந்தப் பிணக்குக்கு மதுரை கண்ட விடையை எண்ணிப் பார்க்க வேண்டும். மாசியில் நடந்துவந்த மீனாட்சி திருக்கல்யாணத்தையும், தேனூரில் வைகையில் இறங்கிக்கொண்டிருந்த அழகரின் விழாவையும் சித்திரையில் மதுரையில் ஒன்றாகச் சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பது மரபு. இரண்டு விழாக்களையும் ஒரு கதையால் தைத்தவர்கள் மக்கள். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவருகிறார் அண்ணன் அழகர். வந்து சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்துவிடுகிறது. கோபித்துக்கொண்டு ஊருக்குள் வராமல் ஆற்றோடு வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார். கோயில் மரபு சொல்லும் காரணம் வேறு. தவளையாகிக் கிடந்த மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் தரவே அழகர் வருகிறார் என்கிறது அது. இரண்டு கதைகளையும் ஒரே வாயால் சொல்லும் மதுரைக்காரர் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் அழகர் தங்குகிறார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்வார்.

மக்கள் தைத்த அந்தக் கதையில் அழகர் நேரத்துக்கு வராதவர், சீரைக் கொடுக்க முடியாதவர். ஒரு வகையில் தோற்றவர். அவரைப் பார்க்கத்தான் மதுரையின் மிகப் பெரிய கூட்டம் கூடுகிறது, ஆண்டுதோறும், முடிவு தெரிந்தே. கால்பந்து மைதானத்தில் பல ஆண்டுகள் நின்றவர்களுக்கு இது உடனே புரியும். சென்னையின் எஃப்.சி. அணிக்கு ஜவஹர்லால் நேரு மைதானத்தில் 'சூப்பர் மச்சான்ஸ்', 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்' என்று ரசிகர் குழுக்கள் உண்டு. 2018 மார்ச் 17-ஆம் தேதி பெங்களூரில், எதிரணியின் சொந்த மைதானத்தில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதி ஆட்டத்தில் ஒன்பதாவது நிமிடத்திலேயே பெங்களூரின் சுனில் சேத்ரி கோல் அடித்தார். பிறகு மைல்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்களோடு சென்னை 3-2 என்று வென்று இரண்டாம் முறை கோப்பையைத் தூக்கியது. அடுத்த பருவத்தில் அதே அணி பட்டியலின் கடைசி இடத்துக்கு விழுந்தது. அந்தப் பருவத்திலும் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வந்து மேளம் அடித்தவர்கள் இருந்தார்கள். உள்ளூர்ப் பக்தியைக் காண மைதானம் தேடிப் போகிறவர் இறுதி ஆட்டத்துக்குப் போவதைவிட இப்படிப்பட்ட ஒரு பருவத்தின் நடுவில், வார நாள் இரவில், பாதி காலியான படிகளில் போய் உட்காருவது நல்லது. அங்கேதான் வந்தே தீர வேண்டும் என்று வந்தவர்கள் இருப்பார்கள்.

கொல்கத்தா இன்னொன்றையும் காட்டியது. 2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் வன்கொலைக்கு ஆளானார். ஊர் கொதித்தது. ஆகஸ்ட் 18-ஆம் தேதி நடக்கவிருந்த மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டம், பாதுகாப்புக்குப் போலீஸ் போதாது என்று ரத்து செய்யப்பட்டது. ஆட்டமில்லாத மைதானத்தின் வெளியே இரண்டு அணி ரசிகர்களும் வந்து நின்றார்கள். அந்த ஊரின் இன்னோர் அணியான முகமதன் ஸ்போர்ட்டிங்கின் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் கொடியை ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு நியாயம் கேட்டார்கள், தடியடி வாங்கினார்கள். நூறாண்டுப் பகையின் அடியில் இப்படி ஒன்று கிடந்தது அன்று வரை அவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

இவை எல்லாவற்றையும் உரசிப் பார்க்க 2020 ஒரு கல்லாக வந்தது. அந்த மார்ச் 14-ஆம் தேதி கோவாவின் ஃபதோர்தா மைதானத்தில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். சென்னை மீண்டும் ஆடியது. தொற்றுக்கு அஞ்சி ரசிகர் யாரையும் உள்ளே விடவில்லை. காலி நாற்காலிகளின் நடுவே ஏ.டி.கே. அணியிடம் 3-1 என்று தோற்றது. ஜெர்மனியில் மே 16-இல் ஆளில்லாத மைதானங்களில் ஆட்டங்கள் தொடங்கின. மன்சென்கிளாட்பாக் அணியின் ரசிகர்கள் ஆளுக்கு 19 யூரோ கட்டித் தங்கள் உருவத்தை அட்டையில் அச்சிட்டு இருக்கைகளில் நிறுத்தச் செய்தார்கள். நேர்த்திக்கடனாக அய்யனார் கோயிலில் உருவாரம் வைக்கும் ஊரிலிருந்து பார்த்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை. உடம்பு போக முடியாத இடத்தில் உருவத்தை நிறுத்துவது பழைய வழக்கம்.

மதுரையில் அதே மே மாதம் 4-ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம் நடந்தது. பக்தர் எவரும் இல்லை. சில பட்டர்கள் மட்டும். இணையத்தில் நேரலையாகப் பார்த்தபடி வீட்டில் இருந்தே பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். அழகர் அந்த ஆண்டு வைகைக்கு வரவில்லை. அடுத்த ஆண்டும் வரவில்லை.

வேறுபாடு இங்கே துலங்குகிறது. ரசிகர் இல்லாத ஆட்டம் நடந்தது, கோல் விழுந்தது, கோப்பை கொடுக்கப்பட்டது. ஆனால் எதையோ காணவில்லை என்று ஆடியவர்களே சொன்னார்கள். மைதானத்தின் தெய்வம் கூட்டம்தான். கூட்டம் போனால் அங்கே மிஞ்சுவது புல்லும் வெள்ளைக் கோடும். துர்கைம் சொன்னது மைதானத்துக்கு முற்றிலும் பொருந்தும். கோயிலில் கதவடைத்த பிறகும் விளக்கு எரிந்தது, அன்றாடப் பூசையும் நடந்தது. பார்க்க ஆள் இல்லாததால் மீனாட்சி குறைந்துபோனாள் என்று எந்தப் பக்தரும் எண்ணவில்லை. குறைந்தது தாங்கள்தான் என்று எண்ணினார்கள். அதே சமயம் அழகர் வராமல் போன அந்த இரண்டு சித்திரைகளும் இன்னொன்றையும் சொல்கின்றன. மூலவருக்கு யாரும் வேண்டாம். உற்சவருக்கு ஊர் வேண்டும். எதிர்சேவை செய்ய எதிரே ஆள் இல்லையென்றால் அவர் மலையை விட்டு இறங்குவதில்லை. சமயத்தின் இந்த வீதிப் பாதியைத்தான் மைதானம் தனக்கென்று எடுத்துக்கொண்டது. கருவறைப் பாதி அதற்குக் கிடைக்கவில்லை.

இடத்தின் கேள்வியும் இங்கேதான் எழுகிறது. அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் கீழக்கரையில் 66 ஏக்கரில் கட்டப்பட்ட ஏறுதழுவுதல் அரங்கம் 2024 ஜனவரி 24-ஆம் தேதி திறக்கப்பட்டது. நிழலான வரிசை இருக்கைகள், மாடுகளுக்கும் வீரர்களுக்கும் மருத்துவ வசதி, வாகனம் நிறுத்த இடம் எல்லாம் உண்டு. வெளியூரிலிருந்து பார்க்க வருபவருக்கு இதைவிட வசதி வேண்டாம். ஆனால் காணும் பொங்கல் ஜல்லிக்கட்டைப் பழைய வாடிவாசலிலிருந்து நகர்த்த ஊர் சம்மதிக்கவில்லை. அரங்கம் திறந்த பிறகும் கோயில் காளை முனியாண்டி கோயிலை ஒட்டிய அதே குறுகிய வாசல் வழியாகத்தான் வருகிறது. வேடிக்கையை நகர்த்தலாம், சேவையை நகர்த்த முடியாது என்று ஊர்ப் பெரியவர்கள் கோட்பாடு எதுவும் பேசவில்லை. சாமிக்குச் செய்வதைச் சாமி இருக்கும் இடத்தில் செய்கிறோம் என்பதே அவர்கள் நிலை. அர்ஜென்டினாவில் சான் லொரென்சோ அணி 1979-இல் தன் மைதானத்தை இழந்தது. அங்கே ஒரு பேரங்காடி எழுந்தது. அந்த நிலத்தைத் திரும்பப் பெற ரசிகர்கள் பல ஆண்டுகள் தெருவில் நின்று போராடி, பணம் திரட்டி, மீட்டார்கள். பெர்லினில் யூனியன் அணியின் மைதானம் 2008-இல் சிதிலமாகிக் கிடந்தபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் கூலி வாங்காமல் கலவை குழைத்துப் படி கட்டினார்கள். தமிழில் அதற்குத் திருப்பணி என்று பெயர். அதே மைதானத்துக்குள் 2003 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு 89 பேர் புகுந்து பாடிவிட்டுப் போனார்கள். இப்போது ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் மெழுகுவத்தியோடு வந்து அங்கே பாடுகிறார்கள். அவர்களில் தேவாலயப் பக்கமே போகாதவர்களும் உண்டு.

கூட்டத்தில் கரைவதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, கூட்டம் கொல்லும் என்பதைச் சொல்லாமல் விடுவது பொய்யாகிவிடும். 2022 ஏப்ரல் 16-ஆம் தேதி அழகர் ஆற்றில் இறங்கியபோது வைகைக் கரையில் நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். அந்த அக்டோபர் முதல் நாள் இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் கண்ணீர்ப்புகைக்கு அஞ்சி வாசலை நோக்கி ஓடிய 135 பேர் இறந்தார்கள். தெய்வத்துக்கோ அணிக்கோ இதில் பங்கில்லை. குறுகலான வாசலுக்கும் பூட்டிய கதவுக்கும் முன்யோசனையின்மைக்கும்தான் பங்கு. மற்றவர் பக்தியைப் பார்க்கப் போகிறவர் இந்தக் கணக்கில் தன்னையும் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நெரிசலில் அவர் உடம்பும் ஓர் உடம்பு. எங்கே நிற்பது, எப்போது விலகுவது, யாருக்கு வழிவிடுவது என்று ஊர்க்காரர் சொல்வதைக் கேட்டு நடக்கிற அந்தக் கணத்தில் அவர் வேடிக்கைக்காரர் என்ற நிலையிலிருந்து ஓர் அடி நகர்ந்துவிடுகிறார். தனி மேடையில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மதுரைக்கும் ஒரு கால்பந்து அணி இருக்கிறது. சேது எஃப்.சி., பெண்கள் அணி. 2019 ஏப்ரலில் மீனாட்சியின் தேரோட்டமும் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவும் 18-ஆம் தேதி ஒரே நாளில் வந்ததால் மதுரையில் மட்டும் இரவு 8 மணி வரை வாக்களிக்க நேரம் நீட்டித்தார்கள். மறுநாள் விடியலில் அழகர் ஆற்றில் இறங்கினார். மணலில் லட்சக்கணக்கானவர்கள். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, மே 22-ஆம் தேதி, பஞ்சாபின் லூதியானாவில் இந்தியப் பெண்கள் லீகின் இறுதி ஆட்டத்தில் சேது, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று நாட்டின் சாம்பியன் ஆனது. கடலூர் மாவட்டத்துப் பெண்ணான இந்துமதி கதிரேசன் அந்த அணியில் ஆடினார். மதுரையிலிருந்து லூதியானாவுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். வைகை மணலில் நின்ற அந்தப் பெருங்கூட்டத்திலிருந்து ஒரு நூறு பேராவது அன்று அந்தப் படிகளில் இருந்திருக்கலாம்.

பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆள் வந்து சேரும் ஓர் இடம் இங்கிலாந்தில் இருக்கிறது. எவர்ட்டனின் ஆண்கள் அணி, 1892 முதல் ஆடிய குடிசன் பார்க் மைதானத்தை விட்டு 2025 மே மாதம் வெளியேறியது. ஆற்றங்கரையில் புதிய மைதானம் காத்திருந்தது. குடிசனின் மண்ணோ அன்பர்கள் பலரது அஸ்தி அடங்கியது. பழைய மைதானத்தை இடிப்பதாகத்தான் திட்டம். பிறகு மனம் மாறி, அதைப் பெண்கள் அணிக்கு வீடாகக் கொடுத்தார்கள். இப்போது சனி, ஞாயிறுகளில் அதே பழைய படிகளில், அதே நீலத்தில், அப்பாவோடு வரும் சிறுமிகள் வந்து உட்காருகிறார்கள். சிலர் கையில் அட்டைகளில் ஆட்டக்காரப் பெண்களின் பெயர்கள் எழுதியிருக்கின்றன.